தார்ப்பாயைத் தூக்கி விடுங்க

எங்கள் பட்டுப்புழு வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் விவரம் தெரிந்தவர்களுக்குக் குறைவே இல்லை. காரிமங்கலம் பக்கத்துப் பழைய ஆட்கள், மருந்துக்கடைக்காரர், பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். என்ன கேட்டாலும் இரண்டு எழுத்தில், மூன்று எழுத்தில் பதில் போடுவார்கள். முழுசாக எழுதினால் விரல் தேய்ந்துவிடும் போல.

போன மழையின்போது என் புழுக்கள் கூடு கட்ட இன்னும் சில நாள்தான் இருந்தது. அதற்கு முந்தைய வளர்ப்பு பாழாகியிருந்ததால், இந்தத் தடவையும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி வைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு மனசே ஒப்பவில்லை. அந்த ஷெட் நான் ஆசைப்பட்டுப் போட்டது. சாரல் படக்கூடாதென்று சுற்றிலும் தார்ப்பாயை இறக்கி இறுக்கிக் கட்டினேன். குஞ்சுப் புழுவுக்குக் கதகதப்பு வேண்டும் என்பார்கள். பெரிய புழுவுக்கும் அதுதான் நல்லது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் சில புழுக்கள் மஞ்சளாக ஊதிக் கிடந்தன. படமெடுத்துக் குழுவில் போட்டு, "என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"என்.பி.வி. மாதிரி தெரியுது. ஆர்.எச். பாருங்க."

"ஆமா, ஆர்.எச்.தான். எஸ்.ஓ.பி. படி போங்க."

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

"ஆர்.எச்.னா என்னங்க?" என்று கேட்டேன்.

"பேசிக் விசயங்க இது. பழைய மெசேஜ் பாருங்க" என்றார் ஒருவர். பார்த்தேன். அங்கேயும் ஆர்.எச்.தான், கூடவே நான் கேள்விப்படாத இன்னும் நாலைந்து. போனில் தேடினால் ரத்த வகை என்று வந்தது. புழுவுக்கு ரத்தப் பரிசோதனையா செய்ய முடியும்? போனைத் தூக்கி எறியலாம் போல எரிச்சலாக இருந்தது. அவ்வளவு நேரமும் தார்ப்பாய் இறங்கித்தான் இருந்தது.

மறுநாள் காலை பாதிப் புழு போயிருந்தது. முதலில் பதில் போட்டவரையே போனில் கூப்பிட்டேன்.

"ஆர்.எச்.னா ஒண்ணுமில்லீங்க, காத்துல இருக்கிற ஈரம். உங்க ஷெட்டுக்குள்ள அது ஜாஸ்தி. தார்ப்பாயத் தூக்கி வுடுங்க, காத்து வரட்டும். ஈரத் தழை போடாதீங்க."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நேத்தே போட்டனேங்க, பாக்கலையா?"

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். தார்ப்பாய்க் கயிறு முந்தின நாள் பூராவும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்போதே அவிழ்த்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். அவிழ்த்துவிட்டேன். காற்று வந்தது. மிச்சப் புழுவும் பிழைக்கவில்லை.

வீட்டுக்காரர் குழி வெட்டினார். சுண்ணாம்பு தூவி மொத்தத்தையும் புதைத்தோம். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, மரவள்ளிக் குச்சிக்கு யாரிடமோ போனில் சொல்லி வைத்தார்.

"எல்லாம் போச்சுங்க" என்று குழுவில் போட்டேன். உடனே பதில்கள் வர ஆரம்பித்தன. ஆர்.ஐ.பி. ஆர்.ஐ.பி. ஆர்.ஐ.பி.

அதற்கு மட்டும் நான் யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.