சீல் குத்தாத படம்

படத்தைத் திருப்பினால் பின்பக்கம் வெள்ளை. முன்பக்கத்தில் சோழபுரம் கண்மாய்க் கரையில் காயும் பேண்டேஜ் துணிகள். நடுவே ஒரு பெண், காற்றில் எழும்பிய துணியின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறாள். எடுத்தவர், ஊரே பாய் என்று கூப்பிட்ட ஸ்டுடியோ முதலாளி. எண்பதுகளில் ராஜபாளையத்தில் அவரிடம் நான் டச்சிங் வேலை பார்த்தேன். நெகட்டிவில் விழுந்த கீறல்களைப் பென்சிலால் மறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டுடியோவை விட்டுப் போகும் எல்லாப் படத்தின் பின்னாலும் பாய் ஊதா மையில் சீல் குத்துவார். பரிசாகக் கொடுக்கும் படத்துக்கு மட்டும் குத்த மாட்டார். "குடுத்த பொருள்ல நம்ம பேரு இருக்கப்படாது தாயி" என்பார். கண்மாய்ப் படத்தை ஒரே ஒரு பிரதி போட்டு என் கல்யாணத்துக்குக் கொடுத்தார்.

மறுவருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரம், என் கல்யாணத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருந்த மெட்ராஸ் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து அதன் நெகட்டிவைக் கேட்டார். "பாய்கிட்ட சொல்லியாச்சும்மா" என்றார். நெகட்டிவ் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சட்டைப்பையில் இரண்டு பேனா குத்தியிருந்த ஆள் பொய் சொல்வாரா என்று எடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நெகட்டிவ் திரும்பி வரவில்லை. படம் பத்திரிகை அட்டையில் வந்தது, அந்த ஆளின் பெயரில். பாய் பத்திரிகைக்கு மூன்று கடிதம் போட்டார். நெகட்டிவோ சீல் உள்ள பிரதியோ இருந்தால் அனுப்பவும் என்று ஒரு பதில் வந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் இந்தப் படத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "இதுல குத்துங்க பாய், உங்க காலுல விழுதேன்" என்று அழுதேன். சீல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "அந்தப் பொம்பளைட்ட அரை நாள் நின்னு கேட்டுல்லா எடுத்தேன்" என்றார். பிறகு படத்தை என் பக்கம் தள்ளினார். "குடுத்தது குடுத்ததுதான். கொண்டு போ தாயி."

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அதன் பிறகு கல்யாண வீடுகளுக்கு மட்டும்தான் கேமராவைத் தூக்கினார்.

இப்போது அவர் இல்லை. எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையதளம் ஒன்றில் அவர் பெயர் போட்டு இந்தப் படத்தை ஏற்றினேன். எடுத்தவரின் வாரிசு எழுத்தில் அனுமதி தர வேண்டும், அவர் எடுத்ததற்கு ஆதாரமும் வேண்டும், ஏழு நாளில் வராவிட்டால் நீக்கிவிடுவோம் என்றார்கள். விசாரித்து விசாரித்து, ஆறாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் மகள் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அனுமதிக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டாள். "அத்தா எடுத்ததுக்கு எதக்கா காட்ட?" என்று உள்ளே போனவள் ஒரு டப்பாவோடு வந்தாள். அதே சீல், ஒரு மைப்பெட்டி. "குத்திருங்கக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

சீலை மையில் ஒற்றினேன். இரண்டு தடவை படத்துக்கு மேலே கொண்டுபோனேன். அன்று அவரைக் கேட்காமல் நெகட்டிவைக் கொடுத்தது இந்தக் கைதான். இன்று அவர் மறுத்ததையும் செய்ய அதற்குத் துணிச்சல் வரவில்லை. கடிதத்தை மட்டும் அனுப்பினேன். போதாது என்று படத்தை நீக்கிவிட்டார்கள்.

அந்தப் பத்திரிகையின் அட்டை இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, அந்த ஆளின் பெயரோடு. என்னிடம் இருப்பதைத் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கம் வெள்ளை.