நொரீன் ஹால்சலும் பதினோரு வருஷத்துக் கடல்நீரும்

லிவர்பூலில் எங்கள் அலுவலகத்தில் யாரும் தேநீர்க் கோப்பையோடு நொரீன் ஹால்சலின் மேசையைச் சும்மா கடந்துவிட முடியாது. "சர்க்கரை கரைஞ்சிருக்கா, அடியில கிடக்கா? ரெண்டும் வேற வேற" என்பாள். ஒருநாள் ஊரை ஒட்டி ஓடும் மெர்ஸி ஆற்றையே நிறுத்தி இதே மாதிரி ஏதோ கேட்டாள் என்றும், பதில் சொல்ல முடியாமல்தான் அது கடலேற்றத்தோடு தினம் இரண்டு தடவை வந்த வழியே திரும்பி ஓடுகிறது என்றும் நான் சொல்லி வருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

அவளுடைய வேலை அப்படி. உலகத்துக் கப்பல்களெல்லாம் கடல்நீரை மொண்டு அளக்கின்றன. ஒருவர் 'பாஸ்பேட்' என்று எழுதுவதும் இன்னொருவர் எழுதுவதும் ஒன்றல்ல. ஒருவர் நீரை வடிகட்டிவிட்டு அளந்திருப்பார், மற்றவர் பாசித் துணுக்குகளோடு சேர்த்தே அளந்திருப்பார். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் நல்ல கடல்கூடக் கெட்டுப்போனதாகத் தெரியும். அதனால் எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு பெயர்ப்பட்டியல் வைத்திருந்தோம். எதை அளந்தார்கள், எதில், எப்படி என்பது தெரிந்தால்தான் ஓர் அளவுக்குச் சரியான பெயரும் குறியீடும் கிடைக்கும். தெரியாதவை 'விவரமில்லை' என்ற குறியீட்டுக்குள் போகும். அதற்குள் போனதை ஆராய்ச்சிக்காரர் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2011 இலையுதிர்காலத்தில் மேன் தீவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அங்கே ஒரு பழைய ஆய்வுக்கூடத்தைக் காலி செய்திருந்தார்கள். உள்ளே இருந்தவை எம்ரிஸ் ப்ரிதெர்க் என்ற வேல்ஸ்காரரின் குறிப்பேடுகள். 1971 முதல் பதினோரு வருஷம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆய்வுக் கப்பலில் போய் அளந்த ஐரிஷ் கடலின் பாஸ்பேட். அந்தக் காலத்துக்கு வேறு கணக்கே கிடையாது. ஆனால் வடிகட்டினாரா இல்லையா என்று எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை.

நொரீன் அந்தக் கையெழுத்தை மேலட்டையிலேயே அடையாளம் கண்டுவிட்டாள். மூன்று நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

எங்கள் பிரிவுத் தலைவன் டெக்லன் அவளைவிட முப்பது வயது இளையவன். இந்த ஊர் ஆண்கள் எல்லாப் பெண்களையும் அழைப்பதுபோல அவனும் அவளை ராணி என்பான்.

"அந்தக் கப்பல்ல நீயும் போயிருக்கியாமே ராணி? வடிகட்டுனாரா, இல்லையா?"

"வடிகட்டுனார். புனலைப் பிடிச்சிட்டு நின்னதே நான்தான்."

"அப்ப என்ன யோசனை? குறியீட்டைப் போட்டுடு."

"அளந்தவர் வாக்கு வேணும் தம்பி. பக்கத்துல நின்னவங்க ஞாபகம் செல்லாது."

"அந்தச் சட்டத்தைப் போட்டதே நீதானே?"

"அதனாலதான் மீற முடியல."

"சரி, அந்த மனுஷனுக்கே எழுதிக் கேளு. உசுரோட இருக்காரா?"

"பெர்கன்ல இருக்கார். நார்வே."

"விலாசம் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றவள், தெருப் பெயர், வீட்டு எண், அஞ்சல் எண் எல்லாவற்றையும் எதையும் பார்க்காமல் ஒரே மூச்சில் எழுதினாள். டெக்லன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடந்தது இதுதான். 1976 மே மாதம் குறிப்பெழுத ஆள் இல்லாமல் அவளை ஐந்து நாள் எம்ரிஸின் கப்பலில் அனுப்பினார்கள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. ஆறு வருஷம் கழித்து எம்ரிஸுக்கு பெர்கனில் வேலை கிடைத்தது, கூட வருகிறாயா என்று கேட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வசந்தத்தில் வருகிறேன் என்றாள். அம்மா இன்னும் ஒன்பது வசந்தம் இருந்தாள். முதல் இரண்டில் எம்ரிஸிடமிருந்து கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

கேள்விப் படிவம் ஒரு பக்கம்தான். அதை நிரப்ப நொரீனுக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. கடைசியில் போன தாளில் அவள் பெயரும் ஒரே ஒரு கேள்வியும்தான் இருந்தன. பதில் கிடைக்காவிட்டால் பதினோரு வருஷமும் 'விவரமில்லை'யில் போய் விழும். அந்த மனிதர் அளந்ததெல்லாம் அளக்காததாகிவிடும்.

டிசம்பரில் பதில் வந்தது. கேன்டீனில் ஆட்டுக்கறிக் குழம்பும் பீட்ரூட் ஊறுகாயும் எதிரே ஆறிக்கொண்டிருக்க, அவள் படித்தாள். பிறகு எங்கள் பக்கம் நீட்டினாள்.

"நொரீன், பதினோரு வருஷமும் வடிகட்டவில்லை. அந்தக் கப்பலில் அதற்கு இடமும் இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. நீ இருந்த ஐந்து நாள் மட்டும் வடிகட்டினேன். ஒரு போத்தலுக்கு இருபது நிமிஷம் ஆகும், புனலைப் பிடிக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நாற்பத்திரண்டு போத்தல். ஆய்வுக்கு அது தேவைப்படவில்லை. எம்ரிஸ்."

நொரீன் ஊறுகாய்த் துண்டு ஒன்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"என் ஞாபகத்தை நம்பியிருந்தா மொத்தமும் தப்பாப் போயிருக்கும்" என்றாள்.

அன்று மத்தியானமே பதினோரு வருஷத்துக்கும் 'வடிகட்டாத நீர்' என்ற சரியான பெயர் கிடைத்தது. இன்று எந்த நாட்டில் ஐரிஷ் கடலைப் பற்றி வரைபடம் போட்டாலும் எம்ரிஸின் கணக்கு அதில் இருக்கிறது. அந்த நாற்பத்திரண்டு போத்தல்களை மட்டும் தனியே எடுத்து 'வடிகட்டிய நீர்' என்று போட்டாள். போட்டதும் கணினித் திரை இன்னொன்று கேட்டது: வடிதாளின் துளை எவ்வளவு?

"தெரியலன்னு போடு ராணி" என்றான் டெக்லன். "நாப்பத்திரண்டு போத்தலுக்கு எவன் சண்டைக்கு வரப் போறான்?"

"தெரியலன்னு போடறதுக்கு முன்னால அளந்தவரைக் கேட்டாகணும். சட்டம்."

"அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"இன்னைக்கு மத்தியானத்துலேருந்து இருக்கு."

இரண்டாவது படிவம் பெர்கனுக்குப் போனது. இந்த முறை அரை மணி நேரத்தில் நிரப்பினாள், இரண்டு தாள் ஒட்டிச் சேர்த்தாள். அதில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. துளையைப் பற்றி இரண்டு தாள் எழுத என்ன இருக்கிறது?

மார்ச்சில் அவள் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை. வயதான மனிதர், தேடிக்கொண்டிருப்பார் என்றாள். பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விடவும் முடியாது, 'தெரியாது' என்று போட அவள் விடவும் மாட்டாள். அதனால் 'கேட்கப்பட்டிருக்கிறது' என்று ஒரு புதுச் சொல்லைச் சேர்த்துவிட்டுப் போனாள். பல லட்சம் அளவுகளில் அந்தச் சொல் இருப்பது இந்த நாற்பத்திரண்டுக்குத்தான்.

வியாழக்கிழமைகளில் இன்னும் வருகிறாள். டெக்லனைப் பார்க்க வந்தேன் என்கிறாள். டெக்லன் இருப்பது மூன்றாவது மாடியில். அவளோ கீழே தபால் அறையோடு திரும்பிவிடுகிறாள்.