எங்கள் கதவில் கிளை கட்டிய இங்கர்

இங்கர் இறந்துவிட்டார்.

நோர்வேயில், ஹொல்ம்லியாவில் எங்கள் மேல்வீட்டுக்காரர். அவருடைய மகன் ஸ்தவாங்கர் நகரிலிருந்து வந்திருக்கிறார். நேற்று மத்தியானம் எங்கள் கதவைத் தட்டிச் சொன்னார். நித்திரையில் போனாராம்.

இந்த வருடம் ஒருவர் இறந்துவிட்டார் என்றால் எப்படி, எப்போது என்று கேட்கும் பலம் எனக்கு இல்லை. "ஓம்" என்றேன். நோர்வேக்காரரிடம், தமிழில். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தெரியாதவர்களுக்கு... இங்கர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஹெட்னிங். அதாவது, கிறிஸ்தவம் வருவதற்கு முன் இந்த நாட்டில் இருந்த தெய்வங்களைக் கும்பிடுகிறவர். தான் இடதுகைக்காரி என்று சொல்வதைப் போல அதைச் சொல்வார்.

அவருடைய சமையலறையில் மூலிகைக் கட்டுகள் தலைகீழாகத் தொங்கும். தலையணைக்குள் வைக்க ஒன்று, நல்ல கனவுக்கு. வீட்டைக் கழுவுகிற புகைக்கு ஐனர் என்கிற ஊசியிலைச் செடி.

முதலில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

இந்த வருடத் தொடக்கம். போருக்குள், வன்னியில் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தொலைபேசி நின்றுபோயிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கதவுக்கு மேலே ஒரு காய்ந்த கிளை. சிவப்பு நூலால் கட்டியிருந்தது.

"செய்வினை," என்றார் அம்மா. "ஆரோ எங்களுக்குச் செய்துபோட்டினம்."

கிளையைப் பிடுங்கிப் பனிக்குள் எறிந்தார். செத்தல் மிளகாயையும் உப்பையும் எங்கள் தலைகளைச் சுற்றி எடுத்து, சூடேறிய சட்டியில் போட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுவதற்கு முன் புகை அலாரத்துக்கு ஷவர் தொப்பி மாட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று அம்மா அதை மறந்துபோனார்.

கட்டிடம் முழுவதும் அலறியது. எல்லோரும் படிக்கட்டில், வீட்டுச் செருப்போடு, இருமிக்கொண்டு... இங்கர் மட்டும் மூக்கை நீட்டியபடி இறங்கி வந்தார்.

"இது என்ன மூலிகை? பேய் இருந்ததோ தெரியாது, நான் ஓடிவந்துவிட்டேன்."

மொழிபெயர்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. "கிளை கட்டினது ஆரெண்டு கேள் பிள்ளை."

"நான்தான்," என்றார் இங்கர். "உடுப்புத் தோய்க்கிற அறையில் உங்கள் மகள் மாமாவைப் பற்றிச் சொன்னாள். அது ரோன் மரத்துக் கிளை. தூரத்தில் இருப்பவருக்குக் காவல். சொல்லிவிட்டுக் கட்டினால் பலிக்காது."

அம்மா தலையில் கையை வைத்தார்.

"என்ன மனுசியப்பா இவ... நான் மிளகாயை வீணாக்கிப்போட்டன்."

பிறகு இருவரும் பனிக்குள் இறங்கிக் கிளையைத் தேடினார்கள். அம்மா காலுறைகூடப் போட்டிருக்கவில்லை.

இங்கர் திரும்பவும் கட்டினார். ஒரு நிபந்தனை சொன்னார்: யாருக்காகக் கட்டியதோ அவர் வந்து, தன் கையால்தான் கழற்ற வேண்டும்.

வசந்தத்தில், போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று கத்தினோம். பிறகு போர் முடிந்தது, கத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மாமாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. முகாமில் கண்டதாக ஒருவர். காணவில்லை என்று இன்னொருவர்.

லண்டனிலிருந்து சின்னம்மா: "அக்கா, இனி ஆகவேண்டியதைச் செய்யுங்கோ. அந்தியேட்டிக் கிரியையையாவது..."

"கிளை கிடக்குது," என்பார் அம்மா. தொலைபேசியை வைத்துவிடுவார்.

இங்கர் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு பிடி ஐனரோடு வருவார். ஒரே தணலில் எங்கள் சாம்பிராணி, அவருடைய ஐனர்.

"உங்கடை சாமான் சவர்க்காரம் மாதிரி மணக்குது" என்பார் அம்மா. "உங்களுடையது தேவாலயம் மாதிரி" என்பார் இங்கர். அவர் வாயில் அது பெரிய வசவு.

"கிறிஸ்தவமும் இல்லை, முஸ்லிமும் இல்லை, புகையும் போடுறா... அப்ப எங்கடை ஆள்தானே?" இது அம்மா, என்னிடம்.

ஒருநாள் களைத்துப்போய்ப் படிக்கட்டில் இங்கரைக் கேட்டேன். இதெல்லாம் பலிக்குமா?

"தெரியாது. என் கணவருக்கும் ஒருமுறை கட்டினேன். பத்திரமாகத்தான் இருக்கிறார். பெர்கனில், இன்னொருத்தியோடு."

நேற்று இங்கரின் மகன் போனபின் அம்மா கதவடியிலேயே நின்றார். மேலே கிளையைப் பார்த்துக்கொண்டு.

"கட்டினவ செத்தால் கட்டு நிக்குமோ பிள்ளை?"

நான் பல்கலைக்கழகத்தில் மதங்களின் வரலாறு படிக்கிறேன். தெரியவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் இங்கர்.

அம்மா இரவு சாப்பிடவில்லை.

இன்று காலை தூபக்காலை எடுத்துக்கொண்டு மேலே போனார். நானும் போனேன். தான் இறந்தால் தன் அறையில் ஐனர்ப் புகை போட வேண்டும் என்று இங்கர் அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். வருகிற வாரம் சிற்றாலயத்தில் பிரியாவிடை. அங்கே புகைக்கு அனுமதி இல்லை.

"என்னிடம் சொல்லவேயில்லை," என்றார் மகன். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். அம்மா அதில் ஏறி அலாரத்துக்கு ஷவர் தொப்பியை மாட்டினார்.

ஜன்னலைத் திறந்தோம். ஐனர் வெடித்து வெடித்து எரிந்தது.

புறப்படும்போது அம்மா மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், தானே. சமையலறை இழுப்பறையில் இருக்கிற சிவப்பு நூல்.

கீழே வந்தோம். எங்கள் கதவடியில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறினார். பழைய முடிச்சை அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டார்.

"இது நான் கட்டினது," என்றார். "நான் இருக்கிறன்தானே."

இங்கர்... கிளை இருக்கிறது. நீங்கள் போய் வாருங்கள்.