வண்டிக்கு இடுப்பு கிடையாது

கட்கி கடைத்தெருவில் சைனபு இட்லிச் சட்டியைத் திறந்தால் ஆவி நேரே மேலே போய் மேகமாகிவிடும். ஜூன் மாதம் புனேயில் பெய்கிற முதல் மழையில் பாதி அவள் கடையிலிருந்து போனதுதான். நம்பாதவர்கள் காலை ஷிஃப்ட் பஸ் வருகிற நேரத்தில் வந்து பார்க்கட்டும்.

அவளும் மழைமேகம் மாதிரிதான்: அகலம், நிதானம், எப்போது இடிக்கும் என்று சொல்ல முடியாது. மேலப்பாளையத்திலிருந்து பாட்சாவைக் கட்டிக்கொண்டு வந்தவள், வந்த வாரமே அடுப்பு பற்றவைத்தாள். இன்னும் அணைக்கவில்லை.

கடை சாலைக்கு இந்தப் பக்கம், பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம். நடுவே டிவைடர். அதில் கடைக்கு நேரே ஓர் இடைவெளி. தொழிற்சாலை ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வழியாக வந்து, நின்றபடியே நாலு இட்லியை விழுங்கிவிட்டு, அதே வழியாகத் திரும்பி ஓடுவார்கள். கடைக்கு உண்மையான வாசல் அதுதான். பைக் ஓட்டுகிறவர்களும் அதைத் தங்கள் வாசலாக நினைத்துக்கொண்டதுதான் வம்பு. சிக்னல்வரை போகச் சோம்பல்பட்டு அதற்குள் புகுந்து திரும்புவார்கள். அப்படிப் புகுந்த ஒரு பைக் போன தீபாவளிக்கு முன்னால் பாட்சாவின் காலை ஒடித்தது.

அவர் கட்டுப்போட்ட காலோடு கல்லாவில் உட்கார்ந்த சில நாளில், அந்த இடைவெளியை அடைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. சிக்னல் சுற்றி வந்துபோக ஷிஃப்ட்காரர்களுக்கு நேரம் கிடையாது. வழி அடைபட்டால் கடையும் அடைபட்ட மாதிரிதான்.

பக்கத்தில் மிக்ஸி, கிரைண்டர் விற்கிற வஹாப் சைனபுவின் தம்பி. அவன் ஒரு மனுவோடு வந்தான். இடைவெளியை இன்னும் அகலமாக்கி, கார் திரும்ப விடவேண்டுமாம்.

"நீயும் கையெழுத்துப் போடு லாத்தா. கார் வந்தாத்தான் ஏவாரம்."

"கார் வந்து என் இட்லியத் திங்கப்போவுதா? மச்சான் கால ஒடிச்சது பத்தலையால உனக்கு?"

"அப்ப அடைக்கட்டுங்கியா?"

"அடச்சா நான் எங்க போவேன்?"

கல்லாவிலிருந்து பாட்சா சொன்னார்: "தொறக்கவும் கூடாது, அடைக்கவும் கூடாது. நம்ம வீட்டு வழக்கு ரோட்டுக்கும் வந்துட்டு."

அடைக்கிற நாளும் வந்தது. லாரி நிறைய சிமெண்ட் கட்டைகளோடு ஹரீஷ் வந்து இறங்கினான். சாலை வடிவமைக்கிற கம்பெனியில் எஞ்சினீயர், கோயம்புத்தூர்ப் பிள்ளை. முதல் கட்டையை ஆட்கள் தூக்கும்போது சைனபு இரண்டு கையிலும் சாம்பார்த் தூக்கோடு போய் அந்த இடைவெளியில் நின்றாள். நின்றாள் என்றால், மலை நிற்கிற மாதிரி. ஒரு பஸ் ஹாரன் அடித்துப் பார்த்தது. பிறகு அதற்கே வெட்கமாகி விட்டுவிட்டது.

"அக்கா, நகருங்க. அடைக்கச் சொல்லி உத்தரவுங்க."

"எதுக்கு அடைக்கச் சொல்லுதாக?"

"பைக் உள்ள பூருதுங்கல்ல."

"அப்ப பைக்க நிறுத்துங்க, ஆள எதுக்கு நிறுத்துதிய? தம்பி, வண்டிக்கு இடுப்பு கிடையாது. மனுசனுக்கு இருக்கு. வளைஞ்சு போற மாரி வழி வச்சுப் பாருங்களேன்."

வஹாபுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உனக்கு எங்க லாத்தா இருக்கு இடுப்பு?"

"அத உங்க மச்சான்ட்ட கேளுல."

ஹரீஷ் சிரிக்கவில்லை. டிவைடர் அந்த இடத்தில் நல்ல அகலம், நடுவே காய்ந்த செடிகள். அவன் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டான், அழித்தான், மறுபடி போட்டான். "உள்ள வந்ததும் இடதுபக்கம் திரும்பணுங்கக்கா. அப்பத்தான் அடுத்த பாதில வர்ற வண்டிய நேருக்கு நேர் பார்த்துட்டே நடப்பீங்க" என்றான். கட்டைகளை ஒன்றுக்கொன்று விலக்கி, ஒரு திருப்பம் வருகிற மாதிரி வைக்கச் சொன்னான்.

சைனபு தூக்குகளோடு உள்ளே போனாள். திருப்பத்தில் மாட்டிக்கொண்டாள். சாம்பார் ஒரு சொட்டு சிந்தவில்லை, ஆனால் அவளும் அசையவில்லை. கடைத்தெருவே மூச்சை அடக்கிப் பார்த்தது.

"அவளுக்குப் பத்தாது தம்பி," பாட்சா இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "இன்னொரு சாண் விடுங்க. எனக்குத் தெரியும்."

ஹரீஷ் தயங்கினான். ஒரு சாண் கூட்டினால் பைக்கும் வளைந்துவிட்டால்? அப்புறம் முழுதாக அடைப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கட்டையைத் தள்ளச் சொன்னான். சைனபு வெளியே வந்தாள். அவள் வந்த சூட்டோடு, விஷயம் தெரியாத ஒரு பையன் வழக்கம்போல பைக்கோடு உள்ளே நுழைந்தான். முன்சக்கரம் போயிற்று. ஹேண்டிலை ஒடித்தான். பின்சக்கரம் கட்டையில் முட்டி நின்றது. இந்தப் பக்கம் ஒடித்தான், அந்தப் பக்கம் ஒடித்தான்.

"காய் ஆன்ட்டி, ரஸ்தா குடே?" என்று கேட்டான், வழி எங்கே போயிற்று என்று.

"சிக்னல்லா," என்று அவள் மராத்தியிலேயே சிக்னலைக் காட்டினாள். அவன் வண்டியை உருட்டிப் பின்னால் எடுத்துக்கொண்டு போனான்.

வஹாபின் மனு மடித்தபடியே பையில் இருந்தது. கார் வராத கோபம் அவனுக்கு இன்றைக்கும் போகவில்லை. கிரைண்டர் லாரி இன்னும் பின்சந்து வழியாகத்தான் வருகிறது, அதற்கும் லாத்தாவைத்தான் திட்டுகிறான்.

கட்டை வைத்த மறுநாள் காலை ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை. இறங்கிய கூட்டம் பாதிச் சாலையைக் கடந்து கட்டைகளுக்குள் நுழைந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இடதுபக்கம் திரும்பினார்கள். பிறந்ததிலிருந்து சாலையைப் பார்த்தே கடக்காத மனிதர்கள், எதிரே வருகிற வண்டிகளை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். வண்டிக்காரர்களும் தங்களை நோக்கித் திரும்பிய அத்தனை முகங்களைப் பார்த்தார்கள். ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்ததும் குறைத்தது. தொழுகை வரிசை நகர்கிற மாதிரி, சத்தமில்லாமல், அந்தக் கூட்டம் கடந்து வந்தது.

சைனபு கரண்டியோடு கடைவாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, ஆளு வந்துட்டு. தட்டு எடு," என்றார் பாட்சா.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க. கடைசி ஆளும் வந்து சேரட்டும்."