வாய் நிறையத் தண்ணீர்

கரும்பலகையில் கேள்வியை எழுதி முடித்ததும் கணக்கு டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக்கொள்வார். விழுங்கமாட்டார். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, மேசையோரம் சாய்ந்துகொண்டு கையை ஆட்டுவார். பிள்ளைகள் சண்டையை ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டில் கணவர் "என்னோட..." என்று இழுப்பதற்குள் "அலமாரி மேல" என்று பதில் வந்துவிடும். "கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஒரு கேள்வியைக்கூட முழுசாக் கேட்டதில்லை" என்பார் அந்த மனிதர். அவர் தேடியது வேறு ஏதாவதாக இருக்கும். ஆனாலும் அலமாரி மேல் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வகுப்பிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. போன பருவத்தில் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. கேள்வியை எழுதிவிட்டு டீச்சர் பரிதாபமாக நின்றார். வேறு வழியில்லாமல் பிள்ளைகள் தங்களுக்குள் மல்லுக்கட்டினார்கள். அப்போது கடைசி பெஞ்சில், வாயே திறக்காமல் ‘கப்சிப்’ என்று பெயரெடுத்த பெண், பக்கத்துப் பையனிடம், "அப்படி இல்லடா, இங்க பாரு" என்று விளக்க ஆரம்பித்தாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

தொண்டை சரியானது. வாயைத்தான் நம்ப முடியவில்லை. தண்ணீர் வந்தது அப்படித்தான். ஒருமுறை சிரிப்பை அடக்கமாட்டாமல் முன் பெஞ்சை நனைத்துவிட்டார். அன்று முதல் அங்கே உட்காருபவர்கள் நோட்டை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து அறை தலைமையாசிரியருடையது. "என்ன டீச்சர், வகுப்பா சந்தைக்கடையா? நாளைக்கு நானே வந்து உக்காரப் போறேன். பசங்க தானா பதிலுக்கு வரலைன்னா, மறுபடி பழையபடி நீங்களே பேசி நடத்திடுங்க" என்றார். பழையபடி என்றால் கப்சிப் மறுபடி வாயை மூடிக்கொள்வாள்.

மறுநாள் தலைமையாசிரியர் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். டீச்சர் எழுதினார்: 0.3 பெரியதா, 0.25 பெரியதா? தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

"இருபத்தஞ்சு எங்க, மூணு எங்க? இதுக்கெல்லாம் ஒரு சண்டையா?" என்றான் மைக்செட். அவன் குரலுக்கு வைத்த பெயர் அது. பாதி வகுப்பு அவன் பக்கம் சாய்ந்தது. டீச்சரின் காது சிவந்தது.

கப்சிப் எழுந்தாள். "ஒரு கேக்கைப் பத்தா வெட்டி நான் மூணு எடுத்துக்கறேன். அதே மாதிரி இன்னொண்ணை நூறா வெட்டி நீ இருபத்தஞ்சு எடுத்துக்க. யாரு தட்டுல அதிகம்?"

"என் தட்டுலதான். எத்தனை துண்டு இருக்கு பாரு."

"துண்டா அது? தூளு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மைக்செட் சிரிக்கவில்லை. "இரு, இரு. என் தூளு பத்து சேந்தா உன் துண்டு ஒண்ணு. அப்ப இருபத்தஞ்சுக்கு..." என்று விரலை மடக்கத் தொடங்கினான்.

தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். "இதுக்கா இவ்வளவு நேரம்? டேய், பதில் வந்து..."

டீச்சருக்கு உயிரே போய்விட்டது. தடுத்துப் பேச வாயில் இடமில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் பாட்டிலைப் பார்த்தார். விரல் மடக்கிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டரைதான் வருது. அடச்சே, உனக்குத்தான் அதிகம்" என்று மைக்செட் கப்சிப்பிடம் ஒப்புக்கொண்டபோது, தலைமையாசிரியர் கன்னம் இரண்டும் உப்பியபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் சத்தமில்லாமல் நோட்டை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள்.