சுகந்தினி ரீச்சரின் பதினெட்டு நிமிடம்

சுகந்தினி ரீச்சர் கொழும்பு மேடைகளில் பியானோ வாசித்துப் பெயரெடுத்தவர். அந்தப் பெயர் கிளிநொச்சி வரைக்கும் வந்து சேரவில்லை. இசை ஆசிரியராக ஊருக்குத் திரும்பியபோது, பாதிக் கட்டைகள் பேசாத பழைய ஓர்கன் ஒன்றுதான் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இருபத்திரண்டு வருடம் அதில் பாடசாலைக் கீதம் பழக்கினார்.

அவருக்கு ஒரேயொரு ஆசை மிச்சமிருந்தது. தாய் வீரம்மா ஸ்கந்தபுரத்தில் அடுத்தவர் வயலில் களை பிடுங்கி, மகளை வவுனியாவில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டுப் படிப்பித்தவர். மகளின் கச்சேரி ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. வயது எண்பத்து மூன்று. இனி எப்போது கேட்பது?

ரீச்சர் ஓய்வுபெறும் வருடம் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு பியானோ வாங்கி அனுப்பினார்கள். கையளிப்பு விழாவில் வாசிக்க பள்ளிக்கூட அதிபர் கதிர்காமநாதன் பதினெட்டு நிமிடம் கொடுத்தார். ஆனால் நாடா வெட்டும்வரை பியானோவைத் திறக்கக் கூடாதாம். ரீச்சர் மூன்று மாதம் சாப்பாட்டு மேசையில் விரல்களை ஓட்டிப் பழகினார்.

விழாவில் ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, அதற்குமேல் ஏழு பேரின் வாழ்த்துரை. மைக்கைக் கண்ட வாய் லேசில் மூடுமா? போர்த்திய பொன்னாடைகளைக் கழற்றிக் கழற்றிப் பியானோவின் மேல் குவித்தார்கள். முன்வரிசையில் வீரம்மாவின் தலை நித்திரையில் சாய்ந்துவிட்டது.

அதிபர் குனிந்து சொன்னார்: "பிரதம விருந்தினர் வெளிக்கிடப் போறார், ரீச்சர். பிள்ளைகளின்ர பஸ்ஸும் வந்திட்டுது. குறை நினையாதேங்கோ, இன்னொரு நாளைக்கு வைப்பம்."

"பத்து நாளில நான் ஓய்வு, சேர்."

அதிபர் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் போனார்.

நன்றியுரை சிவனேஸ்வரி ரீச்சருடையது. முதல்நாளே எழுதிவைத்த தாளை அப்படியே வாசித்தார். "எம்மை இசைமழையில் நனைத்த சுகந்தினி ஆசிரியைக்கும் நன்றிகள்." மண்டபம் கைதட்டியது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுகந்தினி ரீச்சர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கைகளை வெட்டி எறியலாம் போலிருந்தது.

அந்தச் சத்தத்தில் வீரம்மா திடுக்கிட்டு விழித்தார். மகள் மேடையை விட்டு இறங்கி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"எப்ப பிள்ளை வாசிச்சனீ? பாழாப்போன நித்திரை. நான் கேக்கேல்லையே."

ரீச்சர் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்தார்.

"நல்லா வாசிச்சனான் அம்மா. சனம் கைதட்டினதைக் கேட்டனீங்கள்தானே."