பதினேழாம் எண் பூஞ்சையும் தோரிகாவும்

தீவு நகரமான சுவாவின் ஆய்வுக்கூடத்தில் தோரிகா சோதனைத் தட்டு கழுவ வந்து இருபத்திரண்டு வருடம். இப்போது பூஞ்சை வளர்ப்பதும் அவள்தான். கடற்பஞ்சின் சதைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளுக்கு ராங்கி அதிகம். கிருமியைக் கொல்லும் சரக்கை லேசில் கக்கிவிடாது.

பதினேழாம் எண், அவள் சொந்த ஊர்ப் பவளத்திட்டிலிருந்து வந்தது. முதல் சோதனையிலேயே சுற்றிலும் இருந்த கிருமிகளை ஒழித்துக்கட்டித் தட்டில் பளிச்சென்று ஒரு வளையம் போட்டது. தோரிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இரண்டு சோதனையிலும் பூஞ்சை கொழுகொழுவென்று வளர்ந்தது, வளையத்தைத்தான் காணோம்.

"இன்னும் ஒரே தடவை, தோரிகா அக்கா. வரலேன்னா வேக வச்சுக் கொட்டிடலாம்," என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டர் பூனம்.

தோரிகாவுக்குப் பெற்ற பிள்ளையைக் கொட்டச் சொன்னதுபோல் இருந்தது.

அன்று மதியம் வேன் ஓட்டுநர் இசிகேலி ஒரு டப்பாவை நீட்டினான். உள்ளே கோரா, தேங்காய்த் துருவலைக் கடல்நீரில் புளிக்கவைத்தது.

"ஏதுடா கடல்தண்ணி, சோம்பேறி?"

"பூஞ்சைக்குன்னு ஊர்லேர்ந்து கொண்டாந்து வச்சிருந்தியே, அந்தக் கேன்தான் கிழவி. போன மாசமே எடுத்துட்டேன். காலியா விடலாமா? குழாய்த் தண்ணி ஊத்தி ரெண்டு கை உப்பும் போட்டுட்டேன்!"

அடப்பாவி! ஆனால் இருவர் ஊருக்கும் தவுவு என்னும் பரம்பரைக் கேலிமுறை உண்டு. கேட்காமல் எடுக்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். கோபிக்க மட்டும் கூடாது. தோரிகா பல்லைக் கடித்துக்கொண்டாள். முறை அவளுக்கும் உண்டே! அவன் சட்டைப்பையிலிருந்த ரக்பி ஆட்டச் சீட்டை உருவினாள்.

"சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான் போறேன். நீ என் ஊருக்குப் போய்த் தண்ணி மொண்டுட்டு வா."

போனான். அந்தத் தண்ணீரில் பதினேழாம் எண் வளர்ந்தது. பத்தாம் நாள் டாக்டர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வளையம்! முன்னைவிட அகலம்.

"முன்னாடி ரெண்டு தடவை ஏன் வரலே?"

இசிகேலி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உண்மை தெரிந்தால் அவன் வேலை போய்விடும்.

"தண்ணி சரியில்லே, டாக்டர். ருசி பாக்காம ஊத்தினது என் தப்பு," என்றாள் தோரிகா.

டாக்டர் போனபின்பும் இசிகேலி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவளை ஏசாமல் அவன் நின்றதே இல்லை. தோரிகாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா? ஏசித் தொலையேன்டா!"